கொழுந்துத் தராசில் நிறுத்த ரீல்

துரை கூப்பிடுகிறார் என்று பங்களாச் சமையல்காரர் வந்து சொன்னபோது, நான் பட்டறையில் ரோலர் மெஷினின் பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தேன். "கையக் கழுவிட்டு வரணுமாம்" என்றார்.  கிரீஸ் கையோடு நிற்பவனைச் சும்மா திட்டி அனுப்புவார்கள். கையைக் கழுவச் சொன்னால் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போகிறார்கள்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். ஆனால் அந்த வருஷம் பயப்பட உண்மையாகவே ஒரு காரணம் இருந்தது. வயதாகிவிட்டது என்று தோட்டத்து ஆள் பதிவில் அப்பாவின் பேரை வெட்டிவிட்டார்கள். தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு அப்பா பேரில் இருந்தது. நிரந்தரப் பேர் உள்ள ஆம்பிளை ஒருத்தன் இருந்தால்தான் வீடு, இல்லையென்றால் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பட்டறையில் எட்டு வருஷம் எடுபிடி வேலை பார்த்தும் என் பேர் ஏறவில்லை. என் மனைவி தேயிலைக் கொழுந்து வெட்டினாள், ஆனால் பெண்கள் பேரில் வீடு கிடையாது. மூன்று மாதத்தில் பாதி போய்விட்டிருந்தது. அப்பா தினமும் காலையில் கூரையை மட்டும் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்.

பங்களா மேசையில் ஒரு தூண்டில் கம்பு இரண்டாக முறிந்து கிடந்தது. ஏழு அடிக் கம்பு. லேண்ட்ரோவர் கதவு சாத்தி முறிந்ததாம். எங்கள் துரை கோலாலம்பூர்க்காரர், நம்ம ஆள். வெள்ளைக்காரன் போய் நம்ம ஆள் வருகிறான் என்று மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். வருஷா வருஷம் கோலா ரொம்பினுக்குப் போய்க் கடலில் பெரிய மீன் பிடிப்பது அவருக்குப் பைத்தியம். முதுகில் பாய்மரம் விரித்த மாதிரி ஒரு மீன் அங்கே உண்டு. மலாய்க்காரர்கள் லாயாரான் என்பார்கள். ஆள் உயரம் இருக்கும்.

"சிங்கப்பூர்லேர்ந்து கம்பெனி டைரக்டர் வர்றாரு" என்றார் துரை. "அவரு கையால ஒரு மீன் புடிக்கணும். அந்தக் கம்பையும் ரீலையும் அவருக்கே குடுத்துடப் போறேன். பிளேன்ல கொண்டு போற மாதிரி கழட்டி மாட்டுற கம்பு வேணும். போன வருஷம் என் ரீலை நீதானே சரி பண்ணே?"

"ஆமாங்க துரை."

"நீயே பாத்து எடு. நீ சொல்றதத்தான் வாங்குவேன். அப்பத்தான் ஏதாச்சும் ஆச்சுன்னா யார உதைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்." சிரித்தார். பிறகு சமையல்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மீன் ஏறிச்சுன்னா ஒன் பேரையும் ஏத்திடறேன். ஏறலன்னா, ஒன் அப்பனைக் கூட்டிட்டுக் கிளம்பிடு."

இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரல்தான்.

ஈப்போவில் ஒரு சீனர் கடைக்குப் போனோம். தாப்பா ரோட்டு வளைவுகளில் இறங்கும்போது இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். "கர்ப்பமா?" என்று கேட்டார் துரை.

கடை முதலாளி தவுக்கே மூன்று கம்புகளை எடுத்து வைத்தார். ஒன்று நாலு துண்டு. கழற்றினால் குடை அளவுதான், தங்க நிறத்தில் நூல் சுற்றிப் பார்க்கவே அழகாக இருந்தது. இன்னொன்று இரண்டு துண்டு, கழற்றினாலும் என் மார்பு உயரம். மூன்றாவது மூன்று துண்டு, காய்ந்த வாழைச்சருகு நிறத்தில் மங்கலாகக் கிடந்தது. துரையின் கண் தங்க நூலில் இருந்தது.

எனக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூட்டுகளைப் பற்றித் தெரியும். இரண்டு இரும்பைச் சேர்க்கிற இடத்தில்தான் மெஷின் நோய் பிடிக்கும். நாலு துண்டுக் கம்பை மாட்டி, நுனியைத் தவுக்கேயின் கையில் கொடுத்து, அடியிலிருந்து மெதுவாக வளைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பித்தளை மூட்டில் 'டக்' என்று ஒரு சத்தம், மிகச் சின்னது. அந்த இடத்தில் கம்பு வளையாமல் குச்சியாக நின்றது, அதற்கு மேலேயும் கீழேயும் மட்டும் வளைந்தது. அங்கேதான் முறியும். மூன்றில் நன்றாக வளைந்தது இரண்டு துண்டுக் கம்புதான். ஆனால் எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது. மங்கலான மூன்று துண்டில் பித்தளையே இல்லை. கம்பும் மூட்டும் ஒரே பொருள், ஒன்றின் மேல் ஒன்று தடிப்பாக உறை மாதிரி ஏறியது. வளைத்தேன். சத்தம் இல்லை. மூட்டு எங்கே இருக்கிறது என்று கட்டைவிரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"இதுங்க துரை."

"துடைப்பக் கட்டை மாதிரி இருக்கு."

"நல்லா வளையுதுங்க."

"ஒன்னாட்டமே." தவுக்கேயும் சிரித்தார். தமிழ் புரிந்துதான் சிரித்தாரா என்று தெரியாது.

ரீலுக்கும் அதே பாடுதான். தங்க நிறத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று. தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். தங்க ரீல் முதலில் அடம்பிடித்து, பிறகு திடுக்கென்று விட்டது. அந்தத் திடுக்கில்தான் நரம்பு அறும். கறுப்பு ரீல் எந்த இடத்தில் விட ஆரம்பித்தது என்றே தெரியாமல், நல்ல எண்ணெய் போட்ட பெல்ட் மாதிரி போனது. கறுப்பை எடுத்தேன். 

தவுக்கே நரம்பின் நுனியை ஒரு சின்ன ஸ்பிரிங் தராசில் கட்டி, ரீலின் பிரேக்கைத் திருகித் திருகி இழுத்துக் காட்டினார். மலாயில் நிதானமாகச் சொன்னார். நரம்பு பதினைந்து கிலோ தாங்கும். பிரேக் அதில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்து கிலோ இழுப்பில் நரம்பை விட ஆரம்பிக்க வேண்டும். மீன் ஓட ஓட ரீலில் நரம்பு குறையும். குறையக் குறைய அதே பிரேக் தானாகவே இறுகும். ஐந்தில் ஆரம்பித்தால் தாங்கும். மேலே போனால் போச்சு. "லிமா கிலோ, தம்பி. ஜங்கான் லெபே" என்று விரலை ஆட்டினார். ஐந்து, அதற்கு மேல் கூடாது. அந்தச் சின்னத் தராசையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"தேயிலைத் தோட்டக்காரனுக்கே தராசு விக்கிறியா?" என்று துரை கேட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். தராசை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

டைரக்டர் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பங்களாப் புல்வெளியில் சோதனை. சின்ன துரைமார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். துரை நரம்பின் நுனியை என் இடுப்பு பெல்ட்டில் கட்டினார். "நீதான் மீன். ஓடு."

ஓடினேன். சரிவில் ஓடினேன், புல் ஈரமாக இருந்தது. இரண்டு முறை விழுந்தேன். விழும்போதெல்லாம் "மீன் படுக்காதுடா, ஓடு!" என்று குரல். துரையின் நாய் குரைத்துக்கொண்டு கூடவே ஓடி வந்தது. ஓடும்போதும் என் கவனம் இடுப்பில்தான். இழுப்பு ஒரே சீராக இருந்தது, ஒரு இடத்திலும் திடுக்கென்று இல்லை. நல்ல ரீல்தான் எடுத்திருக்கிறேன் என்று நாய்க்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. வேலி ஓரம் மூச்சு நின்றுபோய் முட்டி போட்டேன். துரை சுற்றிச் சுற்றி இழுக்க, முட்டியாலேயே புல்வெளி முழுக்க ஏறி வந்தேன்.

"வாயத் தொற. மீனு வாயத் தொறந்துகிட்டுத்தான் வரும்."

திறந்தேன். துரை தன் கிளாஸிலிருந்து எலுமிச்சைத் துண்டை எடுத்து என் பற்களுக்கு நடுவே வைத்தார். கைதட்டினார்கள். எலுமிச்சையோடு நானும் சிரித்தேன். முதல் ஆளாகச் சிரித்தேன்.

"பிரேக் சும்மா தொளதொளன்னு இருக்கு" என்றார் துரை. "கரெக்டா அஞ்சு கிலோ வச்சுக் கொண்டா. தராசுல வச்சுப் பாரு. நம்மகிட்ட இல்லாத தராசா?"

எங்களிடம் இருந்தது கொழுந்து நிறுக்கிற கொட்டகைத் தராசு. உத்தரத்தில் தொங்கும், வட்ட முகம், ஒரு முள், கீழே கொக்கி. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். ஒரு கால் விந்தி நடப்பார், ஐம்பது வயது இருக்கும். பெண்கள் கூடையை மாட்டினால் முள்ளைப் பார்த்து எண்ணைக் கத்துவார், பக்கத்தில் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி குடைக்குக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொள்வார். கிராணியைத் திட்ட முடியாத கோபமெல்லாம் இவர்மேல்தான் விழும். "ஏ தராசு! ஒரு காலு குட்டையா இருந்தா முள்ளும் குட்டையாத்தான் தெரியுமா?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். அவர் அடுத்த கூடையின் எண்ணைக் கத்துவார். நான் அவரை அண்ணன் என்பேன்.

நாங்கள் எல்லோரும் அறிந்த ஒரு விஷயம் உண்டு. அந்தத் தராசில் ஒன்றும் மாட்டாதபோது முள் சுழியத்தில் நிற்காது. சுழியத்துக்குப் பின்னால் தள்ளி, ஒரு ஆணியில் சாய்ந்து நிற்கும். கூடையின் கனத்தைக் கழிப்பதற்காக அப்படித் திருகாணியால் பின்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். ராத்தல் காலத்திலிருந்தே வழக்கம், கூடைக்கு ஐந்து ராத்தல் கழிவு. பிறகு ராத்தல் போய்க் கிலோத் தராசு வந்தது. ஐந்து ராத்தல் என்றால் இரண்டு கிலோவும் கொஞ்சமும். சுழியத்துக்குப் பின்னால் கோடுகள் கிடையாது. அதனால் முள் எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று யாராலும் படிக்க முடியாது.

கடைசி நிறுவை முடிந்து பெண்கள் போன பிறகு கம்போடு போனேன். அண்ணனிடம் கெஞ்சினேன். கிராணி போய்விட்டாரா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சரி என்றார். நரம்பைக் கொக்கியில் கட்டினேன். என் கணக்கு இது: தராசு இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். ஆகவே முள் மூன்றில் வரும்போது நரம்பு விட ஆரம்பித்தால், உண்மையில் ஐந்து. இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு என்மேலேயே கொஞ்சம் மரியாதை வந்தது. ஆறாம் வகுப்புக்காரனுக்கு இது போதும் என்று நினைத்தேன்.

கம்பைக் கீழே இழுத்தேன். அண்ணன் வழக்கம்போல முள்ளைப் பார்த்தார். பிரேக்கை இறுக்கினேன், இழுத்தேன், இறுக்கினேன், இழுத்தேன்.

"ஒண்ணு... ஒண்ணரை... மூணு" என்றார். பிறகு குரலை இறக்கி, "இன்னுங் கொஞ்சம் தளத்திக்கயேன், தம்பி" என்றார்.

"மூணுதான்ணே வேணும். கூடைக்கு ரெண்டு கழிச்சுப் பாத்துட்டேன்."

"அது சரி. இருந்தாலும் தளத்திக்க. ரொம்பத் தளத்திக்க."

"ஏண்ணே?"

அவர் கிராணியின் காலி நாற்காலியைப் பார்த்தார். "சும்மாத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுக் கொக்கியை அவிழ்த்தார்.

நான் தளர்த்தவில்லை. துரை கரெக்டாக ஐந்து என்று சொல்லியிருந்தார். நொண்டி மனுஷன், கம்பைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

கோலா ரொம்பினில் நான் முதல்முறையாகக் கடலைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் அதில் சாகப் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன், எனக்கு நீச்சல் தெரியாது. படகில் டைரக்டர், துரை, படகுக்கார மலாய்ப் பாச்சே, நான். பாச்சே என்றால் மாமா, வயசான மலாய்க்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். என் வேலை கம்பை மாட்டுவது, கழற்றுவது, வாந்தி எடுக்காமல் இருப்பது. மூன்றாவதில் தோற்றேன்.

பத்து மணி வாக்கில் மீன் கடித்தது. ரீல் கூவியது. தூரத்தில் தண்ணீர் உடைந்து அது மேலே வந்தது. ஊதா நிறம், முதுகில் பாய் விரிந்து, வாலில் நின்று தலையை உதறியது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஏறு, ஏறிவிடு, உன்னை வைத்துத்தான் என் அப்பா தலைமேல் கூரை இருக்கிறது என்று மனசுக்குள் அதைக் கும்பிட்டேன். டைரக்டர் சிவந்துபோய்ச் சிரித்தார். துரை அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். கம்பு அரை வட்டமாக வளைந்து நின்றது. மூட்டில் சத்தமே இல்லை. நரம்பு ஓடியது. ரீலில் பாதி குறைந்தது. பிறகு முக்கால். கம்பு வளைவதை நிறுத்தி நடுங்க ஆரம்பித்தது. ரீல் கூவுவதும் நின்றது. நரம்பு வெளியே வரவில்லை.

துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். டைரக்டர் பின்னால் போய் ஐஸ் பெட்டிமேல் விழுந்தார். கண்ணாடி உடைந்து புருவத்தில் கீறி ரத்தம் வந்தது. மீன் தூரத்தில் இன்னொரு தடவை குதித்தது, வாயில் எங்கள் நரம்புத் துண்டோடு. பாச்சே தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுச் சிரித்தார்.

துரை திரும்பி என்னைப் பார்த்தார். "போ. போயிப் புடிச்சிட்டு வா."

சிரித்தேன்.

"குதிடா."

இன்னும் சிரிக்கப் பார்த்தேன். மூன்றாவது முறை சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து, படகின் ஓரத்துக்கு இழுத்து, மார்பு வரை வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் என் மூக்குக்குக் கீழே ஏறி இறங்கியது. டைரக்டர் கைக்குட்டையால் புருவத்தை அழுத்திக்கொண்டு ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். பாச்சே வந்து துரையின் கையைத் தொட்ட பிறகுதான் விட்டார்.

பாச்சே ரீலை எடுத்து நரம்பை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தார். "கெத்தாட் சங்காட்" என்றார். ரொம்ப இறுக்கம்.

"அஞ்சு கிலோதான் வச்சேன்" என்றேன். 

அவர் வாதாடவில்லை. அறுந்து தண்ணீரில் கிடந்த நரம்பு முழுவதையும் ரீலில் திரும்பச் சுற்றிவிட்டு, அதன் நுனியைப் படகில் கிடந்த பத்து லிட்டர் தண்ணீர்த் தோங்கில் கட்டினார். லிட்டர்க் கோடு போட்ட பிளாஸ்டிக் கேன் அது. ஐந்து லிட்டர் வைத்து ரீலைப் பிடித்துத் தூக்கினார். தோங் எழுந்தது, ரீல் அசையவில்லை. ஆறு லிட்டர். அசையவில்லை. ஏழு. எட்டு லிட்டரில்தான் ரீல் மெதுவாகச் சுற்றித் தோங்கைக் கீழே விட்டது.

"லாப்பான்" என்றார் பாச்சே. எட்டு.

துரைக்கும் மலாய் தெரியும். "அஞ்சுன்னு சொன்னியே."

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். முள் மூன்று காட்டியது, உண்மை எட்டு. அப்படியென்றால் தராசு இரண்டு குறைக்கவில்லை, ஐந்து குறைக்கிறது. ராத்தல் போய்க் கிலோ வந்தபோது ஐந்து ஐந்தாகவே நின்றுவிட்டது. ஐந்து ராத்தல் கழிவு, ஐந்து கிலோ கழிவு ஆகிவிட்டது. இரண்டு கிலோக் கூடைக்கு ஐந்து கிலோ. என் மனைவி முதுகில் சுமந்து வந்த ஒவ்வொரு கூடையிலும் மூன்று கிலோ கொழுந்து காற்றோடு போயிருக்கிறது. லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் அதேதான், எத்தனையோ வருஷமாக.

இதைக் கண்டுபிடித்தவுடன் எனக்கு அவர்கள் நினைப்பு வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. உதை வாங்க வேறு ஆள் கிடைத்துவிட்டது என்ற நினைப்புதான் வந்தது. கடலில் முதல்முறையாக மூச்சு சரியாக வந்தது.

"துரை, தராசு தப்பு" என்றேன்.

மலைக்குத் திரும்பின மறுநாள் மதிய நிறுவைக்குத் துரையே கொட்டகைக்கு வந்தார். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள், என் மனைவி நடுவில். துரை கடையிலிருந்து பிரிக்காத பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றை வரவழைத்துக் கொக்கியில் மாட்டச் சொன்னார். அண்ணன் மாட்டினார். மூட்டை ஆடியது. முள் நகர்ந்து நின்றது.

"படி" என்றார் துரை.

 முன்வரிசைக் கிழவி ஒருத்தி, எண் மட்டும் படிக்கத் தெரிந்தவள், எட்டிப் பார்த்து "அஞ்சு" என்றாள். பின்னால் ஒருத்தி "என்னாடி, பத்துக் கிலோ மூட்டைதானே அது?" என்றாள். பிறகு தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக முன்னால் வந்தார்கள்.

கிராணி குடையை மடக்கி எழுந்தார். "துரை, திருகாணி இவன் கையிலதான் இருக்கு. நான் இவன் கத்துற எண்ணத்தான் எழுதறேன். எனக்கு என்னா தெரியும்?"

அண்ணன் கிராணியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன், அதை இப்போது சொல்லிவிடுங்கள் என்று கேட்கிற பார்வை. கிராணி பேனாவுக்கு மூடி போட்டார்.

துரை என் பக்கம் திரும்பினார். "நீ பிரேக்கு நிறுத்தப்ப இவன் கூட இருந்தானா?"

"இருந்தாருங்க துரை."

"தராசு தப்புன்னு தெரிஞ்சும் ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லல?"

தளர்த்திக்கச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். 'ரொம்பத் தளத்திக்க' என்று சொன்னார். காலி நாற்காலியைப் பார்த்துப் பயந்துகொண்டே, சொல்ல முடிந்த அளவு சொன்னார். இதையெல்லாம் நான் சொன்னால், சொல்லியும் கேட்காத முட்டாள் நான் ஆவேன். மீன் என் தலையில் விழும். கூரை போகும். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்வேன் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.

முதல் கூடையை எறிந்தது யார் என்று தெரியவில்லை. கொழுந்தோடு வந்து அவர் முகத்தில் விழுந்தது. பிறகு எல்லாக் கூடைகளும். "எம் புள்ள வாயில மண்ணப் போட்டியேடா நொண்டி!" கூடை தீர்ந்ததும் கைகள். அவர் நல்ல காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். என் மனைவியும் அடித்தாள். அவள் யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. கொழுந்துக் கத்தரியின் பிடியால் அவர் தோளில் அடித்தாள். துரை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போதும், கொழுந்து நசுங்குது" என்றார்.

அந்த வாரமே அண்ணனும் அவர் மனைவியும் வீட்டைக் காலி செய்தார்கள். கம்போங் ராஜா பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்தில் கொட்டகை கிடைத்ததாம். சட்டி பானையும் ஒரு கட்டிலும் ஏற்றிய முட்டைக்கோஸ் லோரி எங்கள் லயத்தைத் தாண்டித்தான் போனது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா வெளியே போய்க் கையை ஆட்டினார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

துரை சொன்ன சொல்லில் பாதியைக் காப்பாற்றினார். மீன் ஏறவில்லை என்றாலும் என் பேரை ஏற்றினார். பட்டறையில் இல்லை. "காலியா இருக்கிறது தராசு வேலைதான். ஒனக்குத்தான் இப்ப நல்லா கணக்கு வருதே" என்றார். டைரக்டர் அந்தக் கம்பைத் தொடமாட்டேன் என்று விட்டுப் போனதால் அதையும் என்மேல் தூக்கிப் போட்டார். "துடைப்பக் கட்டைக்கு வச்சுக்க." ரீலைத் தனக்கு வைத்துக்கொண்டார், நல்ல ரீல் என்று அவருக்கும் புரிந்திருந்தது. கம்பின் மூன்று துண்டையும் ஒன்றாக மாட்டி என் மனைவி துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்தாள். ஈரப் போர்வை கனத்துக்கு வளையும், மூட்டில் சத்தம் வராது.

முதல் இரண்டு மாதம் திருகாணி சரியாக இரண்டு கிலோவில் இருந்தது. பெண்கள் எனக்கு வெற்றிலை கொடுத்தார்கள். 'தம்பி தராசு' என்று கூப்பிட்டார்கள். அப்புறம் மழை வந்தது. ஒருநாள் காலையில் பெண்கள் வருவதற்கு முன் கிராணி குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "ஈரக் கொழுந்துலா. தண்ணிக்கு ஒரு கிலோ தள்ளு."

தள்ளினேன். மழை நின்றது. திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பச் சொல்லி அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த மழைக்கு இன்னொரு கிலோ. அதற்கடுத்து, "பழையபடி வச்சிரு. துரைக்குத் தெரியும்" என்றார். திருகாணி மறுபடி ஐந்துக்குப் போனது. துரைக்குத் தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது.

அன்று மதியம் வரிசையில் என் மனைவி வந்தாள். கூடையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, முதுகை நிமிர்த்தி, சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். முள் நகர்ந்து நின்றது. அவளுக்குத் தன் கூடையின் கனம் தெரியும், அத்தனை வருஷம் தூக்கியவள். முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, கத்தரிப் பிடியால் அன்று அடித்தாளே, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"சரியாப் பாத்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

குடைக்குக் கீழே பேனா காத்துக்கொண்டிருந்தது.

"பதினெட்டு" என்று கத்தினேன்.